டிசம்பர் அலைச்சலுக்கு நடுவே திருவருகை

நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமையில் திருச்சபையின் ஆண்டு பிறக்கிறது. அன்று முதல் கிறிஸ்மஸ் வரை நான்கு ஞாயிறுகள். கத்தோலிக்கர் இதைத் திருவருகைக் காலம் என்கிறார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் அட்வெந்து என்றே சொல்லிப் பழகிவிட்டது. குறைந்தால் 22 நாள், கூடினால் 28 நாள். பீடத்து விரிப்பும் குருவின் மேலாடையும் ஊதாவுக்கு மாறும். பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர் பாடிய பாடலைக் கத்தோலிக்கர் ஞாயிறு திருப்பலியில் பாடுவது வழக்கம். தவக்காலத்தைப் போலவே இந்த நான்கு ஞாயிறுகளிலும் அதை நிறுத்திவைத்து, கிறிஸ்மஸ் இரவில் மணியோசையோடு மறுபடி எடுப்பார்கள். காத்திருப்பதற்காகத் திருச்சபை தன் வழிபாட்டிலிருந்தே ஒன்றைக் குறைத்துக்கொள்கிறது.

அதே நான்கு வாரங்கள்தான் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஆண்டிலேயே மூச்சுவிட நேரமில்லாத வாரங்கள். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. தையல் கடையில் கொடுத்த ரவிக்கையும் பாவாடையும் 23-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், பலகாரம் சுட வேண்டும், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு ரயில் டிக்கெட் உறுதியாக வேண்டும். ஓட்டுக்கூரை வீடானாலும் மாடி வீடானாலும் வாசலில் ஒரு நட்சத்திரம் ஏற வேண்டும். இத்தனைக்கும் இடையில் ஆத்துமாவை ஆயத்தப்படுத்துங்கள் என்று பிரசங்கபீடத்திலிருந்து ஒரு குரல் வருகிறது. அந்தக் குரல் சரியானதுதான். ஆனால் அது யாரிடம் பேசுகிறது, எதைச் செய்யச் சொல்கிறது என்பதைச் சற்று ஆற அமரப் பார்க்க வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: கடைத்தெரு கிறிஸ்மஸைக் கைப்பற்றிக்கொண்டது, தள்ளுபடி விளம்பரங்களின் இரைச்சலில் பாலனின் அழுகை கேட்கவில்லை என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நம் ஊர்களில் டிசம்பர் மாலைகளை விழுங்குவது கடைத்தெருவைவிட ஆலய வளாகம்தான். ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்மஸ் நிகழ்ச்சி, வாலிபர் சங்கத்தின் நாடகம், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் விற்பனை, பாடகர் குழுவின் பயிற்சி, கீத ஆராதனை, தெருத்தெருவாகக் கேரல் பவனி. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்களுக்கிடையே குடில் போட்டி, மறைக்கல்விப் பிள்ளைகளின் கலைவிழா, பக்த சபைகளின் கூட்டங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லது. சேர்த்து வைத்தால், ஆண்டவர் வருகிறார் என்று அறிவிக்கும் சபைக்கே அவர் வரும்போது உட்கார்ந்து வரவேற்க நேரமில்லாமல் போகிறது. ஆகவே இது வெளியிலிருந்து வந்த தொல்லை மட்டும் என்று சொல்லித் தப்ப முடியாது.

இந்தக் கேள்வி புதிதும் இல்லை. கிறிஸ்மஸுக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று திருச்சபை யோசிக்கத் தொடங்கி ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகின்றன. ஸ்பெயினில் சரகோசா நகரில் 380-இல் கூடிய ஆயர்கள், டிசம்பர் 17 முதல் ஜனவரி 6-ஆம் நாள் திருக்காட்சி விழா வரை விசுவாசிகள் ஆலயத்துக்கு வராமல் வீட்டில் தங்கவோ ஊரைவிட்டு ஒதுங்கவோ கூடாது என்று விதித்தார்கள். நூறு ஆண்டு கழித்து, இன்றைய பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவஸ் நோன்பைக் கொண்டுவந்தார். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள். அன்று முதல் கிறிஸ்மஸ் வரை வாரத்துக்கு மூன்று நாள் உண்ணாநோன்பு. அடுத்த நூற்றாண்டில் மாக்கோன் நகரில் கூடிய சங்கம் அதைத் திங்கள், புதன், வெள்ளி என்று வகுத்துக் கொடுத்தது. ரோமையில் காலம் சுருங்கி நான்கு வாரமானது. கீழைத் திருச்சபைகள் இன்றுவரை நவம்பர் 15 முதல் நாற்பது நாள் நோன்பைக் காக்கின்றன. எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் இன்னும் சில நாள் கூடுதலாக நோன்பிருந்து ஜனவரி 7-இல் விழா காண்கிறார்கள்.

தொலைவுக்குப் போக வேண்டாம். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு உண்டு. மீனும் இறைச்சியும் அடுக்களையை விட்டு வெளியேறும். கன்னியாகுமரி மாவட்டத்தில் சீரோ மலபார் சபைக்கும் மலங்கரை சபைக்கும் 1996 முதல் தனி மறைமாவட்டங்கள் உள்ளன. ஒரே சாலையில் இலத்தீன் முறைக் கோயிலும் சிரியன் முறைக் கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் ஊர்கள் அங்கே உண்டு. ஒரு கோயிலைச் சேர்ந்த வீட்டில் டிசம்பர் முழுக்க மீன்சட்டி கவிழ்ந்து கிடக்கும், இன்னொரு கோயிலைச் சேர்ந்த வீட்டில் அப்போதே கேக் வெட்டிக்கொண்டிருப்பார்கள். இலத்தீன் சபையில் திருவருகைக் கால நோன்பு படிப்படியாகத் தளர்ந்து மறைந்துவிட்டது. அதன் இடத்தில் கட்டுப்பாடாக எதுவும் வந்து உட்காரவில்லை.

நோன்பு என்பது வயிற்றைப் பற்றியது மட்டும் இல்லை. அது ஒரு வீட்டின் வேலையையே குறைத்தது. விருந்து கிடையாது, திருமணம் கிடையாது, சந்தைக்கு அடிக்கடி போக வேண்டிய தேவை கிடையாது. உழவு முடிந்த குளிர்காலத்தில், உடலும் வீடும் ஒருசேர அடங்கிய நாட்கள் அவை. முதல் காலத்துக் கிறிஸ்தவர்கள் ஆயத்தத்தைக் கழித்தலாகவே கண்டார்கள். எதைக் கூட்டுவது என்ற கேள்வி பின்னால்தான் வந்தது.

அப்படிக் கூட்டிக்கொண்டவற்றில் அருமையானவை பல. அசிசி நகர் பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோ என்ற மலையூரில் வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, நள்ளிரவுத் திருப்பலிக்கு ஊராரை அழைத்தார். ஏழ்மையைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் ஆசை. ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிச் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர், 1839-இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் கிழமை நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் பொருத்தி வைத்தார். கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நாளும் கேட்டதற்கு அவர் தந்த பதில் அது. இன்று நம் ஆலயங்களில் ஏற்றும் நான்கு மெழுகுவர்த்தி வளையம் அந்தச் சக்கரத்தின் வழித்தோன்றல். ஜெர்மன் வீடுகளில் கதவில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு நாளெண்ணிய வழக்கம், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெர்ஹார்ட் லாங் போன்ற அச்சகத்தாரின் கைவண்ணத்தில் அட்வெந்து நாட்காட்டியாக மாறியது. அதே நாட்காட்டி இப்போது சாக்லேட்டும் அழகுசாதனமும் அடைத்து விற்பனைக்கு வருகிறது. காத்திருக்கக் கற்றுக்கொடுக்கப் பிறந்த பொருள், நாளுக்கொரு பரிசை உடனே கையில் தரும் பொருளாகிவிட்டது.

கீத ஆராதனைக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. ஒன்பது வேதபாடங்களும் இடையிடையே பாடல்களுமாக நம் சி.எஸ்.ஐ. ஆலயங்கள் பலவற்றில் நடக்கும் அந்த வடிவம், 1880-இல் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில் ஆயர் பென்சன் ஏற்படுத்தியது. அதை 1918-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்துக்குக் கொண்டுவந்தவர் எரிக் மில்னர்-வைட். உலகப்போரில் படைக் குருவாக இருந்து திரும்பியவர். போர் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன, கல்லூரி தன் மாணவர்கள் பலரைப் பறிகொடுத்திருந்தது. இழப்பில் உறைந்த மனிதர்களுக்கு, ஆதாம் முதல் பெத்லகேம் வரை கடவுளின் வாக்குறுதியை வரிசையாக வாசித்துக் காட்டும் வழிபாடாக அது அமைந்தது. இன்று எத்தனை இடங்களில் வேதபாடம் வாசிக்கும்போது பாடகர் குழு அடுத்த பாட்டின் தாளைத் தேடிக்கொண்டிருக்கிறது!

அலைச்சலையும் களியாட்டத்தையும் கண்டு பொறுக்காமல் விழாவையே ஒழித்துவிட நினைத்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் தூய்மைவாதிகளின் நாடாளுமன்றம் 1647-இல் கிறிஸ்மஸைத் தடைசெய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்மஸ் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் கிறிஸ்மஸ் பொது விடுமுறை ஆனது 1958-இல்தான். நம் பக்கத்திலும் பெந்தெகொஸ்தே சபைகளில் சில கிறிஸ்மஸ் கொண்டாடுவதில்லை. வேதத்தில் தேதி இல்லை, குடிக்கும் கூத்துக்கும் வழியாகிறது என்பது அவர்கள் வாதம். அந்தக் கண்டிப்பின் பின்னால் இருக்கும் பக்தியை மதிக்கிறேன். ஆனாலும் விழாவை எடுத்துவிட்டால் ஆயத்தம் தானாக வந்துவிடாது. தடைபோட்ட ஊர்களில் டிசம்பர் 25 இன்னொரு வேலை நாளாகத்தான் போனது. கதவை அடைத்தால் விருந்தாளிக்கும் சேர்த்து அடைபடுகிறது.

இனி வேதத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அங்கே நேரடியான பதில் இருக்கிறது. நான்கு ஞாயிறுகளில் முதல் ஞாயிறு உலகின் முடிவைப் பற்றிப் பேசுகிறது: விழித்திருங்கள், நாளும் வேளையும் தெரியாது என்கிறது. இரண்டாம் மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வருகிறார். சீர்திருத்த சபையார் யோவான் ஸ்நானன் என்பார்கள். நான்காம் ஞாயிறில்தான் மரியாவும் யோசேப்பும். குழந்தையின் தொட்டிலுக்குப் போகும் வழி ஒட்டக மயிராடை அணிந்த ஒரு முரட்டு மனிதரின் முன்பாகத்தான் செல்கிறது.

லூக்கா நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தில் மக்கள் யோவானிடம் வந்து, அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். நாம் எதிர்பார்ப்பது ஜெபம், தியானம், தனிமை. அவர் சொல்வது வேறு. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், உணவு வைத்திருப்பவரும் அப்படியே. வரி வசூலிப்பவர்கள் விதித்ததற்கு மேல் வாங்கக் கூடாது. படைவீரர்கள் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது, கிடைக்கும் கூலியில் நிறைவு கொள்ள வேண்டும். அவரவர் வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வரச் சொல்லவில்லை. அவரவர் தொழிலுக்குள் இருக்கும் அநியாயத்தைக் கழிக்கச் சொன்னார். துணிக்கடை முதலாளி டிசம்பரில் விற்பனைப் பெண்களை எத்தனை மணி நேரம் நிற்கவைக்கிறார், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குப் பண்டிகைக்கு முன்பே சம்பளம் கிடைக்கிறதா, வட்டிக்குக் கொடுத்தவர் அந்த மாதம் எப்படி நடந்துகொள்கிறார் என்பவையெல்லாம் திருவருகைக் காலக் கேள்விகள். இவற்றைத் தொடாத தியானப் பிரசங்கத்தை யோவான் ஏற்றிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அலைச்சலே பாவம் என்றும் வேதம் சொல்லவில்லை. வானதூதரின் வாழ்த்தைக் கேட்ட மரியா, அறைக்குள் அமர்ந்துவிடாமல் மலைநாட்டுக்கு விரைந்து போகிறார். வயதான காலத்தில் கருவுற்றிருந்த எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்குகிறார். இயேசு பிறந்ததே ஒரு குடிமதிப்புக் கணக்கெடுப்பின் நெரிசலில், பேரரசன் ஆணைக்காக ஊர் ஊராக மக்கள் நகர்ந்துகொண்டிருந்த நாட்களில். இன்னொரு பக்கம் செக்கரியா என்ற குரு, பல மாதம் பேச்சிழந்து இருக்கிறார். லூக்கா இருவரையும் ஒரே அதிகாரத்தில் வைக்கிறார். அன்பினால் வந்த விரைவுக்கும் நம்பாமையால் வந்த மௌனத்துக்கும் அங்கே இடம் இருக்கிறது. குற்றமாகச் சொல்லப்படுவது, இடமில்லை என்ற பதில் ஒன்றுதான்.

இந்த இடத்தில் மார்த்தாவைப் பற்றிப் பேசியாக வேண்டும். டிசம்பரில் அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு மார்த்தாவைச் சுட்டிக்காட்டிப் பிரசங்கம் செய்வது நம் வழக்கம். அது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முந்திரிக்கொத்து செய்வதைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு வேலை என்று தெரியும். குமரி, நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்மஸுக்கு அது இல்லாமல் தீராது. சிறுபயறைக் கருகாமல் வறுத்து, திரித்து, தோல் புடைத்து, வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சுக்கும் சேர்த்து, கருப்பட்டிப் பாகைப் பதம் பார்த்து ஊற்றிக் கிளற வேண்டும். சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும், ஆறிவிட்டால் உருண்டை உடையும். உருட்டி வைத்ததை உலரவிட்டு, அரிசிமாவுக் கரைசலில் மும்மூன்றாகத் தோய்த்து எண்ணெயில் விட வேண்டும். ஒருத்தியால் ஆகிற காரியம் இல்லை. நாத்தனாரும் பக்கத்து வீட்டு மதினியும் பெரியம்மாவும் கூடி உட்கார்ந்தால்தான் நடக்கும். பிறகு அச்சு முறுக்கு, அதிரசம். எல்லாம் தட்டுகளில் அடுக்கி, தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் தட்டு அனுப்பிய வீடுகளுக்குப் பதில் தட்டாகப் போகும்.

இந்த வேலையில் வழிபாடு இல்லை என்று யார் சொல்ல முடியும்? பாகு காய்ச்சும்போதே பழைய கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டிருந்த பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தார்கள். பேச்சுவார்த்தை அறுந்த இரண்டு மருமக்கள் ஒரே உருளியைச் சுற்றி உட்கார நேர்ந்து சமாதானமானதும் உண்டு. அயல்வீட்டாருக்கு அனுப்பும் தட்டு, அங்கியில் ஒன்றைக் கொடுக்கச் சொன்ன யோவானின் வார்த்தைக்கு மிக அருகில் நிற்கிறது.

லூக்கா பத்தாம் அதிகாரத்தில் மார்த்தா ஆண்டவரிடம் சொல்லும் முறையீடு, தன்னைத் தனியாக வேலை செய்ய விட்டுவிட்டார்கள் என்பது. பலவற்றைக் குறித்துக் கவலைப்படுகிறாய், தேவையானது சிறிதே என்பதாக இயேசுவின் பதில் அமைகிறது. அதை நாம் பெண்ணின் பக்தியை மட்டமாக்கும் வாக்கியமாக்கிவிட்டோம். அந்த வீட்டில் வகைகளைக் குறைக்க வேண்டியிருந்தது, வேலையைப் பகிர வேண்டியிருந்தது. நம் வீடுகளிலும் அப்படித்தான். அதிகாலை நான்கு மணி ஆராதனைக்கு வேட்டி மடிப்புக் கலையாமல் முன்வரிசையில் அமரும் ஆண்களின் பின்னால், இரவெல்லாம் விழித்துச் சமைத்துவிட்டுக் கடைசி வரிசையில் கண் சொருகும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தியானம் வரவில்லையென்றால் பழி அவர்கள் மேல் இல்லை. ஆண்கள் வீட்டைத் துடைத்து, தேங்காய் துருவி, 24-ஆம் தேதி மாலையில் பெண்களை இரண்டு மணி நேரம் சும்மா இருக்கவிடுவது எந்த உபவாச ஜெபத்துக்கும் குறைந்த ஆயத்தம் ஆகாது.

பங்கு அளவில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால், நம்பிக்கை தருபவை இல்லாமல் போகவில்லை. கத்தோலிக்கக் கோயில்களில் மூன்றாம் ஞாயிறையொட்டி ஒப்புரவு வழிபாடு நடக்கும், பக்கத்துப் பங்குக் குருக்களும் வந்து உட்கார, வரிசை நீளும். சில பங்குகளில் காலியான தீவனத்தொட்டியை வைத்து, செய்த ஒவ்வொரு நற்செயலுக்கும் பிள்ளைகள் ஒரு வைக்கோலைப் போடுகிறார்கள். குடிலுக்குப் பச்சை வேண்டும் என்று கேழ்வரகையோ நெல்லையோ சிறு தட்டில் விதைத்துவைத்து, நாளும் நீர் தெளித்து முளைப்பதைப் பார்க்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிரான்சின் தெற்கே டிசம்பர் 4-ஆம் நாள் கோதுமை விதைத்து இதையே செய்கிறார்கள். அவசரப்படுத்த முடியாத ஒன்றை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது எவ்வளவு நல்ல பாடம்! கடையில் பிளாஸ்டிக் புல் வாங்கிப் பரப்பும்போது இழப்பது இந்தப் பாடத்தைத்தான்.

டிசம்பர் 17 முதல் 24 வரையுள்ள நாட்களை ரோமை வழிபாட்டு முறை தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதுவரை இறுதி வருகையை நோக்கியிருந்த வாசகங்கள் அன்று முதல் பெத்லகேமை நோக்கித் திரும்புகின்றன. அதற்கு ஒருநாள் முன்பின்னாகத் தமிழ்நாட்டில் மார்கழி பிறக்கிறது. அதிகாலையில் எழுந்து குளித்து, கோலமிட்டு, பாடி இறைவனை எழுப்பும் மாதம். அண்டை வீடுகளில் பாவை நோன்பின் பாடல் ஒலிக்கும் அந்த வைகறையில், தென்மாவட்டக் கிறிஸ்தவ ஊர்கள் சிலவற்றிலும் பஜனை பாடித் தெருவைச் சுற்றி வருவார்கள். வைகறையும் பாட்டும் தெருவும் சேர்ந்த பக்தி இந்த மண்ணின் இயல்பு. அதை விட்டுவிட்டு நள்ளிரவு தாண்டியும் ஒலிபெருக்கியும் மின்விளக்கு வேனுமாகப் போகும் பவனிக்கு நாம் மாறியதில் இழப்பே அதிகம். வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் இரவு இரண்டு மணிக்கு எழுப்பிக் காணிக்கை வாங்குவதை நற்செய்தி அறிவிப்பு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

காத்திருத்தல் தமிழுக்குப் புதிய உணர்ச்சியும் இல்லை. முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல்தான். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப்போன தலைவனுக்காக, அவன் சொல்லை நம்பி ஆற்றியிருத்தல். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்துவின் பிறப்பைப் பாட வந்தபோது பெத்லகேம் குறவஞ்சி என்று குறவஞ்சி வடிவத்தைத் தேர்ந்தார். அதில் திருச்சபை தேவமோகினி என்ற தலைவியாகி ஆண்டவருக்காக ஏங்குகிறாள். வீரமாமுனிவரோ 1726-இல் இயற்றிய தேம்பாவணியின் 3,615 பாடல்களுக்கும் நாயகனாக, நற்செய்திகளில் ஒரு வார்த்தையும் பேசாத யோசேப்பை வைத்தார். ஏங்குகிறவளும் பேசாதவரும் நம் பெருநூல்களில் இருக்க, அட்வெந்து என்றால் வெள்ளைக்காரர் கொண்டுவந்த மெழுகுவர்த்தி என்று மட்டும் நாம் நினைக்க வேண்டியதில்லை. இந்த நான்கு வாரத்தில் ஒவ்வொரு மாலையும் தேம்பாவணியில் ஒரு பகுதியை ஒரு பங்கு உரையோடு வாசித்தால், அதற்குச் செலவு ஏதும் ஆகாது.

எல்லாம் கழிக்கப்பட்ட நிலையில் திருவருகையைக் கொண்டாடியவர்களிடமும் நமக்குக் கேட்க இருக்கிறது. பெர்லினின் டெகல் சிறையில் 1943-இல் அடைபட்டிருந்த லுத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர், அட்வெந்து சிறை அறையைப் போன்றது, கதவு வெளியிலிருந்துதான் திறக்கப்பட முடியும் என்ற பொருளில் நண்பருக்கு எழுதினார். அடுத்த ஆண்டு அதே சிறையில் ஆல்ஃபிரட் டெல்ப் என்ற சேசுசபைக் குரு, விலங்கிட்ட கைகளோடு திருவருகைத் தியானங்களை எழுதினார். 1945 பிப்ரவரி 2 அன்று டெல்ப் தூக்கிலிடப்பட்டார், ஏப்ரல் 9 அன்று போன்ஹோஃபர். கேக்கும் புத்தாடையும் பவனியும் இல்லாத அந்த இரண்டு டிசம்பர்களில் ஆயத்தத்துக்கு எதுவும் குறையவில்லை.

நம் கடற்கரையிலும் அப்படி ஒரு காலம் வந்தது. 2017-இல் திருவருகையின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. 22 நாள் மட்டுமே கொண்ட ஆண்டு அது. அந்த ஞாயிறுக்கு மூன்று நாள் முன்னால், நவம்பர் 30 அன்று, ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டிப்போட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டவில்லை. கோயிலில் முதல் ஊதா மெழுகுவர்த்தி ஏற்றப்பட்ட அந்த நாளில் பெண்கள் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருவார் என்று காத்திருந்த பலர் வரவேயில்லை. விழித்திருங்கள் என்ற வாசகம் அந்த ஊர்களில் எப்படி ஒலித்திருக்கும் என்று ஆண்டுதோறும் முதல் ஞாயிறில் நினைத்துக்கொள்கிறேன். 2004 சுனாமி வந்ததும் கிறிஸ்மஸுக்கு மறுநாள்தான். காத்திருத்தலின் எடை தெரிந்த மக்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். திருவருகைப் பிரசங்கத்துக்கு வெளியூர்ப் பேச்சாளரைத் தேடும் சபைகள், அவர்களில் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லலாம். பேச முடியாவிட்டால் அவரோடு சேர்ந்து சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெர்னார்து என்ற துறவி, ஆண்டவரின் வருகை மூன்று என்றார்: பெத்லகேமில் உடலில் வந்தது ஒன்று, இறுதியில் மகிமையோடு வரப்போவது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் யாரும் காணாமல் உள்ளத்துக்கு வருவது ஒன்று. முதல் வருகையைக் குடிலாக வைத்துவிடலாம். இறுதி வருகை நம் கையில் இல்லை. நடுவில் வருவதற்குத்தான் இடம் வேண்டும், அந்த இடம் எதையாவது அகற்றாமல் கிடைப்பதில்லை. காலையில் கைப்பேசியைத் தொடும் முன் ஒரு அதிகாரம் வாசிக்க ஒருவருக்கு இயலலாம். இன்னொருவருக்கு அண்ணனோடு சொத்துத் தகராறில் நின்றுபோன பேச்சைத் தொடங்குவதே முழு ஆயத்தம். யாருக்கும் இருபது செயல் கொண்ட ஆன்மிகப் பட்டியல் வேண்டாம். அது ஏற்கெனவே நிரம்பிய கூடைக்கு மேல் வைக்கும் இன்னொரு சுமை.

ஆகவே என் வேண்டுகோள் சேகரக் குழுக்களுக்கும் பங்குப் பேரவைகளுக்கும் முதலில். ஆண்டுதோறும் அக்டோபரில் டிசம்பர் நிகழ்ச்சி நிரலை வரைகிறீர்கள். இந்த முறை ஒன்றைச் சேர்க்கும் முன் இரண்டை அடித்துவிடுங்கள். நான்கு வாரத்தில் ஒரு மாலையேனும் ஆலயத்தில் எந்த நிகழ்ச்சியும், எந்தப் பயிற்சியும், எந்தக் கூட்டமும் இல்லை, கதவு மட்டும் திறந்திருக்கும் என்று அறிவியுங்கள். பவனியை இரவு பத்து மணிக்குள் முடியுங்கள். உபதேசியாருக்கும் கோயில் பணியாளருக்கும் விளக்குத் தொங்கவிடும் எலக்ட்ரீஷியனுக்கும் கூலியை 20-ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். வீட்டு ஆண்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: இந்த ஆண்டு உருளியைத் தேய்த்து வைப்பதும் 24-ஆம் தேதி இரவுச் சமையலும் உங்கள் பொறுப்பு.